வாரன்ட்டி முடிந்த லேப்டாப் ஆன் ஆகவில்லையா? கடைக்கு ஓடும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

திங்கள்கிழமை காலை 9.50. பத்து மணிக்கு மீட்டிங். லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்துறீங்க. ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்துறீங்க. சார்ஜரைப் பிடுங்கி மறுபடி செருகுறீங்க. அப்பவும் இருட்டுதான். வாரன்ட்டி முடிந்து நான்கு மாதம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் ஞாபகம் வரும்.

அடுத்து நடப்பது பெரும்பாலும் இதுதான். பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். "மதர்போர்டு போச்சு சார்" என்ற பதில் வருகிறது. அது உண்மையா என்று தெரியாது, கேட்கும் தொகை நியாயமா என்றும் தெரியாது. உள்ளே இருக்கும் டேட்டா திரும்பக் கிடைக்குமா என்று கேட்கக்கூட சில சமயம் மறந்துவிடுகிறோம்.

ஆன் ஆகாத லேப்டாப் எல்லாமே செத்துப்போன லேப்டாப் இல்லை. சார்ஜர் கோளாறு, தளர்ந்துபோன ரேம், பாதியில் நின்ற விண்டோஸ் அப்டேட் போன்ற சின்னக் காரணங்களாலும் லேப்டாப் நின்றுபோகும். இவற்றை வீட்டிலேயே ஒரு மணி நேரத்தில் பிரித்துப் பார்த்துவிடலாம். எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

எதையும் தொடும் முன் மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, பேட்டரி. லேப்டாப்பை மேசையில் தட்டையாக வையுங்க. ஆடுகிறதா? டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வருகிறதா? அடிப்பக்க மூடி பிளந்திருக்கிறதா? இருந்தால் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். சார்ஜ் போடாதீங்க, அழுத்தாதீங்க, நீங்களே கழற்ற முயற்சிக்காதீங்க. லித்தியம் பேட்டரி துளைபட்டால் தீப்பிடிக்கும். நேராக சர்வீஸ் சென்டர்தான்.

இரண்டாவது, தண்ணீரோ காபியோ கொட்டியிருந்தால் 'ஆன் ஆகுதான்னு பார்ப்போம்' என்று பட்டனை அழுத்தவே கூடாது. ஈரத்தோடு மின்சாரம் பாயும்போதுதான் போர்டு ஷார்ட் ஆகிறது. சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிகிற பேட்டரி என்றால் கழற்றி, தண்ணீர் உள்ளே இறங்காமல் கவிழ்த்து வைத்து, கடைக்குக் கொண்டு போங்க. அரிசி மூட்டைக்குள் வைப்பதால் பலன் இல்லை. தண்ணீர் காய்ந்தாலும், காபியில் இருந்த சர்க்கரையும் உப்பும் போர்டிலேயே தங்கி அரிக்கும். அதைக் கழுவித்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, அது அலுவலகம் கொடுத்த லேப்டாப்பா? அப்படியென்றால் இந்தக் கட்டுரையில் வரும் சார்ஜர் சோதனையோடு நிறுத்திக்கோங்க. வெளிக்கடையில் கொடுப்பதும் திறந்து பார்ப்பதும் நிறுவன விதிமீறலாக முடியலாம். ஐடி டீமுக்கு ஒரு டிக்கெட் போடுவதுதான் பாதுகாப்பு.

'ஆன் ஆகல' என்பதில் மூன்று வகை

எல்லோரும் ஒரே வார்த்தையில் 'ஆன் ஆகல' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் மூன்று வேறு பிரச்சினைகள் இருக்கின்றன.

1. லைட், ஃபேன், சத்தம் எதுவுமே இல்லை.
2. லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது.
3. கம்பெனி லோகோ வருகிறது, அதற்கு மேல் போகவில்லை. நீலத் திரையோ, பிழைச் செய்தியோ வருகிறது.

முதல் வகை மின்சாரம் தொடர்பானது. இரண்டாவது ரேம், திரை அல்லது போர்டு. மூன்றாவது பெரும்பாலும் எஸ்.எஸ்.டி அல்லது விண்டோஸ். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

வகை 1: உயிரே இல்லை

சுவரில் இருந்து தொடங்குங்க. அதே பிளக் பாயின்ட்டில் போன் சார்ஜர் வேலை செய்கிறதா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தவிர்த்து நேரடியாகச் சுவரில் செருகிப் பாருங்க. அடாப்டரில் இருந்து லேப்டாப்புக்கு வரும் ஒயர், முனையில் மடங்கி மடங்கி உள்ளுக்குள் அறுந்திருக்கலாம். செருகும் முனை லூசாக ஆடுகிறதா, கருகிய தடம் இருக்கிறதா என்றும் கவனிங்க.

அடுத்து வேறு சார்ஜர். நண்பரிடம் கடன் வாங்கும்போது அடாப்டரின் ஸ்டிக்கரைப் படிங்க. உங்களுடையதில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று இருந்தால் அது 65 வாட் சார்ஜர். கடன் வாங்குவதில் வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. பின் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் செருகக் கூடாது.

யு.எஸ்.பி-சி சார்ஜர் என்றால் இன்னொரு சிக்கல். போனோடு வந்த குறைந்த வாட் சார்ஜரில், காலியான பேட்டரியோடு இருக்கும் லேப்டாப் எழுந்திருக்காமல் போகலாம். எல்லா யு.எஸ்.பி-சி துளையும் சார்ஜ் ஏற்றாது, சில துளைகள் டேட்டாவுக்கு மட்டும்தான். கேபிளும் முக்கியம். 65 வாட் சார்ஜரை அதனுடன் வந்த கேபிளோடு, சரியான துளையில் செருகி, அரை மணி நேரம் விட்டுப் பாருங்க. வாரக்கணக்கில் பைக்குள் கிடந்த லேப்டாப் என்றால் பேட்டரி முழுசாக வற்றியிருக்கும், உடனே எழாது.

இதற்கும் அசையவில்லை என்றால் பவர் டிரெய்ன். சார்ஜரைக் கழற்றுங்க. பென் டிரைவ், மவுஸ், எச்.டி.எம்.ஐ கேபிள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்க. கழற்ற முடிகிற பேட்டரி என்றால் அதையும் எடுங்க. இப்போது பவர் பட்டனை விடாமல் 30 விநாடி அழுத்திப் பிடிங்க. பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்க. போர்டில் தேங்கி நிற்கும் மின்சாரம் வடிந்து, பவரைக் கட்டுப்படுத்தும் சிப் புதிதாகத் தொடங்குவதற்காகத்தான் இது. கேட்க மந்திரம் மாதிரி இருந்தாலும், நிறைய லேப்டாப்கள் இந்த ஒரு படியிலேயே எழுந்துவிடும். பல திங்க்பேட் மாடல்களில் அடிப்பக்கத்தில் இதற்கென்றே ஒரு ஊசித்துளை இருக்கும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேப்பர் கிளிப் முனையால் உள்ளே இருக்கும் பட்டனை அழுத்தி, ஒரு நிமிடம் கழித்து ஆன் செய்தால் போதும்.

சார்ஜர் செருகும்போது அதன் லைட் அணைந்துபோகிறதா? பிடுங்கினால் மறுபடி எரிகிறதா? அப்படியென்றால் லேப்டாப்புக்குள் எங்கோ ஷார்ட் இருக்கிறது, சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்கிறது. திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்க வேண்டாம். கடையில் சொல்ல வேண்டிய முக்கியமான தகவல் இது.

வகை 2: ஓடுகிறது, ஆனால் திரை கறுப்பு

முதலில் டார்ச் சோதனை. அறையை இருட்டாக்கி, ஆன் செய்த லேப்டாப் திரையின் மேல் போன் டார்ச்சைச் சாய்வாக அடிங்க. மங்கலாக லோகோவோ எழுத்தோ தெரிந்தால், கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கோ, அதற்குப் போகும் கேபிளோதான் பழுது.

அடுத்து எச்.டி.எம்.ஐ கேபிளால் டிவியில் இணைத்துப் பாருங்க. டிவியில் படம் வந்தால் போர்டும் டேட்டாவும் பத்திரம். இந்த நிலையில் யாராவது 'போர்டு மாத்தணும்' என்றால் நம்ப வேண்டாம். விண்டோஸ் உள்ளே ஓடிக்கொண்டிருந்து திரை மட்டும் தூங்கியிருந்தால், விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு கீகளையும் ஒன்றாக அழுத்துங்க. கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும்.

இரண்டிலும் படம் இல்லையென்றால், லைட் சிமிட்டலையும் பீப் சத்தத்தையும் எண்ணுங்க. லேப்டாப் தன் நோயைத் தானே சொல்லும் மொழி இது. உதாரணமாக, பல டெல் மாடல்களில் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் 2 முறை, வெள்ளையில் 3 முறை சிமிட்டினால் ரேம் கண்டறியப்படவில்லை என்று பொருள். எச்.பி மாடல்களில் கேப்ஸ் லாக் விளக்கு சிமிட்டும். சிமிட்டலை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் மாடல் எண்ணோடு அந்த பிராண்டின் சப்போர்ட் பக்கத்தில் தேடினால் அர்த்தம் கிடைக்கும். டெல், எச்.பி, லெனோவா ஆகியவை தங்கள் லேப்டாப்களைக் கழற்றுவதற்கான சர்வீஸ் கையேடுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன.

ரேம் என்று தெரிந்தால், ஸ்க்ரூடிரைவர் பிடித்துப் பழக்கம் உள்ளவர்கள் முயற்சி செய்யலாம். மூடியைத் திறந்ததும் முதல் வேலை, பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. பிறகு ரேமை எடுத்து, தங்க நிறக் கோடுகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, 'கிளிக்' என்று உட்காரும் வரை மாட்டுங்க. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றொன்றாகப் போட்டுப் பாருங்க. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இந்தக் கோடுகள் கறுத்துப்போவது சகஜம். மெலிதான பல மாடல்களில் ரேம் போர்டோடு சேர்த்தே ஒட்டப்பட்டிருக்கும். அங்கே இந்த வழி கிடையாது.

ஒரு விஷயம் மறக்காதீங்க. ரேமைக் கழற்றி மாட்டிய பிறகு முதல் முறை ஆன் செய்யும்போது, புதிய லேப்டாப்கள் சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு நிற்கலாம். ரேமை அது சோதித்துப் பழகிக்கொள்ளும் நேரம் அது. 'போச்சுடா' என்று பதறி அணைத்துவிட வேண்டாம்.

வகை 3: லோகோ வருது, விண்டோஸ் வரல

இந்த வகையில் லேப்டாப்பின் உடம்பு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. கேள்வி, எஸ்.எஸ்.டியா விண்டோஸா என்பதுதான்.

ஆன் செய்தவுடன் பயாஸுக்குள் போங்க. டெல், ஏசர், ஏசூஸ், பெரும்பாலான லெனோவா மாடல்களில் எஃப்2, திங்க்பேடில் எஃப்1, எச்.பியில் எஃப்10. அங்கே எஸ்.எஸ்.டியின் பெயர் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அது தளர்ந்திருக்கிறது அல்லது செத்திருக்கிறது. தெரிந்தால், பிராண்டே தரும் பரிசோதனையை ஓட விடுங்க. எச்.பியில் ஆன் செய்யும்போது எஃப்2, டெல்லில் எஃப்12 மெனுவில் அது இருக்கும். ரேம், டிஸ்க் இரண்டையும் அதுவே சோதித்துச் சொல்லும்.

டிஸ்க் நன்றாக இருந்தால் பிரச்சினை விண்டோஸில். லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைங்க. இப்படி இரண்டு மூன்று முறை செய்தால், விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அங்கே இந்த வரிசையில் முயற்சி செய்யுங்க: ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசி அப்டேட்டை நீக்குவது, சிஸ்டம் ரீஸ்டோர், சேஃப் மோடு. 'ரீசெட் திஸ் பிசி' கடைசி ஆயுதம். அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' உங்கள் ஃபைல்களை வைத்துக்கொண்டு, போட்ட மென்பொருள்களை மட்டும் நீக்கும். 'ரிமூவ் எவ்ரிதிங்' எல்லாவற்றையும் துடைத்துவிடும். படிக்காமல் கிளிக் பண்ணாதீங்க.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர்களில் எந்தப் பாகமும் பழுதாகவில்லை. சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை நீக்கியதும் எழுந்தன. ஆனால் பல இடங்களில் அந்தப் படிக்குப் போகவே முடியவில்லை. காரணம், பிட்லாக்கர்.

பிட்லாக்கர்: இன்றே தேடி வைக்க வேண்டிய 48 இலக்கம்

உங்கள் எஸ்.எஸ்.டியில் இருப்பதைப் பூட்டி வைக்கும் வசதி பிட்லாக்கர். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால், நீங்கள் கேட்காமலேயே இது ஆன் ஆகியிருக்க வாய்ப்பு உண்டு. பழுதுபார்க்கும்போதோ, போர்டு மாற்றும்போதோ, எஸ்.எஸ்.டியை வேறு கம்ப்யூட்டரில் மாட்டும்போதோ அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லையென்றால் கடைக்காரரோ மைக்ரோசாஃப்டோ யாரும் திறந்து தர முடியாது.

போனிலேயே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் 'பிட்லாக்கர் ரெக்கவரி கீ' இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் எழுதி வைங்க. லேப்டாப் நன்றாக இருக்கும்போதே இதைச் செய்வது இன்னும் நல்லது.

முதலில் டேட்டா, பிறகுதான் ரிப்பேர்

லேப்டாப்பை விட உள்ளே இருப்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால், ரிப்பேருக்கு முன் அதை வெளியே எடுத்துவிடுங்க. இன்றைய பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் எஸ்.எஸ்.டி தனியாகக் கழலும். அதற்குப் பொருத்தமான யு.எஸ்.பி என்குளோஷர் ஒன்று வாங்கி மாட்டினால், வேறு கம்ப்யூட்டரில் பென் டிரைவ் போலத் திறக்கலாம். வாங்கும் முன் உங்களுடையது என்.வி.எம்.இ வகையா, சாட்டா வகையா என்று பாருங்க. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் மாறினால் வேலை செய்யாது. மாட்டியதும் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்க.

விண்டோஸ் மட்டும் கெட்டுப்போயிருந்தால், உபுண்டு போட்ட பென் டிரைவில் இருந்து ஆன் செய்து ஃபைல்களை நகலெடுக்கலாம். பழைய ஹார்டு டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்க. ஓட ஓட சேதம் கூடும். அங்கே டேட்டா ரெக்கவரி நிபுணர்தான் வழி. எம் வரிசை சிப் உள்ள மேக்புக்கில் ஸ்டோரேஜ் போர்டோடு சேர்ந்தே இருப்பதால், இப்படிக் கழற்றி எடுக்கும் வழியே கிடையாது. பேக்கப் மட்டும்தான் துணை.

கடைக்குப் போகும்போது

சென்னை ரிச்சி தெருவோ, பெங்களூரு எஸ்.பி. ரோடோ, டெல்லி நேரு பிளேஸோ, மும்பை லாமிங்டன் ரோடோ, எங்கே போனாலும் விதி ஒன்றுதான். 'ஆன் ஆகல' என்று மட்டும் சொல்லாதீங்க. 'வேறு 65 வாட் சார்ஜர் போட்டுப் பார்த்தேன், பவர் டிரெய்ன் பண்ணினேன், ஃபேன் சுத்துது, டிவியிலும் படம் இல்ல, இத்தனை முறை சிமிட்டுது' என்று சொல்லுங்க. எதிரில் இருப்பவர் பேசும் விதமே மாறும்.

'போர்டு போச்சு' என்றால் கேட்க வேண்டிய கேள்விகள்:

• போர்டில் எந்தப் பகுதி? ஷார்ட்டா, சார்ஜிங் சிப்பா, பயாஸா?
• சிப் லெவலில் சரிசெய்ய முடியாதா? ஒரு சிறிய கெபாசிட்டர் ஷார்ட் ஆனாலே லேப்டாப் முழுசாக இருண்டுவிடும். அதை மட்டும் மாற்றினால் போர்டு பிழைக்கலாம்.
• மாற்றும் போர்டு புதிதா, பழைய லேப்டாப்பில் இருந்து எடுத்ததா? எத்தனை நாள் வாரன்ட்டி?
• சரியாகவில்லை என்றால் பார்த்ததற்குக் கட்டணம் எவ்வளவு?
• கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா?

பதில்களை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்க. ரேம், எஸ்.எஸ்.டி, பேட்டரி ஆகியவற்றின் சீரியல் எண்களைக் கொடுக்கும் முன்பே படம் எடுத்து வைங்க. முடிந்தால் எஸ்.எஸ்.டியைக் கழற்றி வைத்துக்கொண்டு லேப்டாப்பை மட்டும் கொடுங்க. போர்டு ரிப்பேருக்கு உங்கள் பாஸ்வேர்டு தேவையே இல்லை. 'சும்மா ஒரு ஃபார்மேட் போட்டுப் பார்க்கலாம்' என்ற யோசனைக்கு, டேட்டா வெளியே வரும் வரை சம்மதிக்காதீங்க.

இன்னொன்று. வாரன்ட்டி முடிந்ததா என்பதை பில்லை வைத்து மட்டும் முடிவு செய்யாமல், சீரியல் எண்ணை பிராண்டின் தளத்தில் போட்டுப் பாருங்க. வாங்கும்போது சலுகையில் சேர்ந்த கூடுதல் வாரன்ட்டி உங்களுக்கே மறந்திருக்கலாம். சில மாடல்களில் தெரிந்த கோளாறுக்கு வாரன்ட்டி முடிந்த பிறகும் பிராண்டுகள் இலவசமாகப் பாகம் மாற்றித் தருவதுண்டு. 2018இல் எச்.பி சில மாடல்களின் பேட்டரிகளை இப்படித் திரும்பப் பெற்றது.

ரிப்பேரா, புதுசா?

சார்ஜர், ரேம், எஸ்.எஸ்.டி, பேட்டரி, சார்ஜிங் பின் ஆகியவை என்றால் யோசிக்கவே வேண்டாம், ரிப்பேர் செய்யலாம். போர்டு மாற்ற வேண்டும் என்றால், அதே மாதிரி பழைய லேப்டாப் சந்தையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்க. அதில் பாதிக்கு மேல் ரிப்பேர் செலவு என்றால் இரண்டு முறை யோசிங்க.

லேப்டாப்பின் வயதும் கணக்கில் வர வேண்டும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். அதற்கும் பழைய லேப்டாப்பில் பெரிய தொகை போடுவது லாபமில்லை. புதுசு வாங்க முடிவு செய்தாலும் பழைய எஸ்.எஸ்.டியைத் தூக்கிப் போடாதீங்க. உங்கள் டேட்டா அதில்தான் இருக்கிறது. மீதியை அங்கீகரிக்கப்பட்ட மின்கழிவு மையத்தில் கொடுங்க.

ஏமாற்றப்பட்டால்?

வாரன்ட்டி முடிந்தால் உரிமையும் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. காசு வாங்கிக்கொண்டு செய்யும் ரிப்பேர், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் சேவை. பாகத்தை மாற்றி எடுத்தாலோ, சொன்ன வேலையைச் செய்யாமல் பணம் வாங்கினாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆனால் பில்லும் ஜாப் ஷீட்டும் கையில் இருக்க வேண்டும். 'ஜி.எஸ்.டி இல்லாம குறைச்சுப் போட்டுத் தரேன்' என்ற வார்த்தைக்கு மயங்கினால், நாளைக்குக் காட்ட எந்த ஆதாரமும் இருக்காது.

2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' என்ற இணையதளத்தையும் தொடங்கியது. பதிவு செய்த நிறுவனங்களின் சர்வீஸ் மையங்கள், வாரன்ட்டி விதிகள், கையேடுகள் போன்ற தகவல்களை ஒரே இடத்தில் பார்ப்பதற்கான தளம் இது.

லேப்டாப் மறுபடி எழுந்துவிட்டதா? அப்படியானால் மீட்டிங்குக்குள் நுழையும் முன் ஒரு வேலை இருக்கிறது. முக்கியமான ஃபோல்டர்களை ஒரு வெளி டிஸ்க்கிலோ கிளவுடிலோ நகலெடுத்து வைங்க. ஒரு முறை எழ மறுத்த லேப்டாப் மறுபடியும் மறுக்கலாம்.